அவள் மூச்சில் வந்த பேரல் வாடை

கடலூர் ஓ.டி., அதாவது பழைய டவுனைத் தாண்டி சிதம்பரம் ரோட்டில் போகிறவர்கள் என் கோடவுனைப் பார்க்காமல் போக முடியாது. நீல நிற பேரல்கள் மதிலுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கோடவுன் நான் கட்டியது. அதற்குப் பின்னால் இருக்கிற மாடி வீடு நான் கட்டியது. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, கீழே கடைகளும் மேலே கிளினிக்குமாக இருந்ததே, அந்தக் கட்டடமும் நான் கட்டியதுதான். போர் போட்டால் உப்புத் தண்ணீர் வருகிற எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர்க் குழாய் வந்தது என் அலைச்சலில். கல்வெட்டில் வேறு யாருடைய பெயரையோ போட்டுக்கொண்டார்கள். போகட்டும். புயலில் கோடவுன் கூரை மொத்தமும் பிய்ந்து பக்கத்துக் கொல்லையில் விழுந்தபோது, இவன் இதோடு முடிந்தான் என்றார்கள். அடுத்த மழைக்கு முன்னால் திரும்பவும் கூரை போட்டேன். என் ஒரே மகளை எம்.எஸ்ஸி., பி.எட். வரைக்கும் படிக்க வைத்து, சிதம்பரத்தில் டீச்சராக உட்கார வைத்தேன். நான் படித்தது அஞ்சாவது. என் அப்பா எனக்கு விட்டுப்போனது கம்பி ஒடிந்த ஒரு குடை.

இத்தனைக்கும் எனக்குச் சோறு போட்டது என் மூக்கு. செம்மங்குப்பம் பக்கம் கெமிக்கல் கம்பெனிகளுக்கு லோடு ஏற்றுகிற கூலியாகப் போனவன் நான். அங்கே கழித்துப் போடுகிற காலி பேரல்களை வாங்கிக் கழுவி விற்க ஆரம்பித்தேன். காலி பேரல் வியாபாரத்தில் கண்ணுக்கு வேலை கிடையாது. மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்தால் உள்ளே முன்பு என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். தெரியாதவன் விஷம் இருந்த பேரலைத் தண்ணீர் பிடிக்க விற்றுவிட்டு ஜெயிலுக்குப் போவான். அசிட்டோன் இருந்த பேரல் என்றால், கனிந்து அழுகப்போகிற பழத்தின் மேல் பெயிண்டை ஊற்றியது போல ஒரு வாடை வரும். இனிக்கும். மூக்கின் உச்சியில் குளிர்ந்து ஏறும். என்னிடம் வேலை செய்த ஆட்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன், ஒருவனுக்கும் ஏறவில்லை.

என் மனைவிக்குச் சர்க்கரை வந்து நாள் ஆகிறது. அவளுக்கு வைத்தியம் என் கட்டடத்து மாடியிலேயே. அந்தக் கிளினிக் டாக்டர் என்னிடம் வாடகைக்கு இருந்தவர். மற்றவர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நான் பின்பக்கப் படியில் ஏறி, நேராக அவர் நாற்காலிக்கு எதிரே போய் உட்காருவேன். என் மனைவியை அழைத்துக்கொண்டு போனதில்லை. கட்டடக்காரன் வீட்டுப் பொம்பளை அந்தப் பெஞ்சில் ஊர் ஜனத்தோடு காத்துக் கிடப்பதா? வீட்டிலேயே சுகர் பார்க்கிற மீட்டர் வாங்கிக் கொடுத்திருந்தேன், கடையில் இருந்ததிலேயே நல்லது. அதில் காலையில் வருகிற எண்ணை அவள் எனக்குச் சொல்லுவாள், நான் டாக்டருக்குச் சொல்லுவேன், டாக்டர் எழுதுவார். கீழே மருந்துக்கடை. அதுவும் என் கட்டடம்தான். அந்த ஏரியாவில் இப்படி ஒரு சௌகரியம் எவனுக்கு இருந்தது?

ஒரு நாள் டாக்டர் சொன்னார்:

"ஓனர் சார், வீட்டம்மாவுக்குப் புதுசா ஒரு மாத்திர எழுதுறேன். சுகர யூரின் வழியாவே வெளிய தள்ளிடும். ஒடம்பும் கொறையும்."

"நல்ல மாத்திரதான?"

"உங்களுக்குப் போயி மட்டமானதக் குடுப்பனா?"

நடந்த பேச்சு இவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. மீட்டரில் எண் இறங்கியது. டீக்கடையில் உட்கார்ந்து, சுகரை எப்படி இறக்குவது என்று என்னைக் கேளுங்கள் என்று நான் பேசியது உண்மை. எண் இறங்கினால் யார்தான் பேச மாட்டார்கள்?

என் மகளுக்குக் கல்யாணம் ஆகியும் குழந்தை இல்லை. அதற்காக என் மனைவி ஐப்பசி சஷ்டிக்கு விரதம் இருப்பாள். ஆறு நாளும் அடுப்பில் அவளுக்கென்று எதுவும் ஏறாது. பொழுது போனபின் ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். சில நாள் அந்தப் பழமும் இல்லை. தண்ணீர்கூடப் பேருக்குத்தான். மாத்திரையை மட்டும் விட மாட்டாள். அந்த விஷயத்தில் நான் கறார். காலையில் நானே பிரித்துக் கையில் கொடுப்பேன். மாத்திரை சாப்பாட்டில் சேராது, சாமி கோபித்துக்கொள்ள மாட்டார் என்பேன். புது மாத்திரை வந்த வருஷமும் அப்படியே கொடுத்தேன்.

சூரசம்ஹாரத்து அன்று காலையிலிருந்தே அவளுக்கு வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். மத்தியானத்துக்கு மேல் மூச்சு வேறு மாதிரி ஆனது. மாடிப்படி ஏறி வந்தவள் போல, படுத்த இடத்திலேயே இரைத்தாள். மீட்டரில் பார்த்தேன். நார்மல். இன்னொரு ஊசியில் குத்திப் பார்த்தேன். அதே நார்மல். டாக்டருக்குப் போன் போட்டேன்.

"சுகர் எவ்ளோ காட்டுது?"

சொன்னேன்.

"அப்பறம் என்னா பயம் ஓனர் சார்? வெறும் வயித்துல கெடந்தா அல்சர் கெளம்பத்தான் செய்யும். கீழ கடையில சொல்றேன், ஒரு மாத்திர வாங்கிக் குடுங்க. வெரதம் முடிஞ்சி சாப்ட்டா சரியாப் பூடும்."

அந்த மாத்திரையையும் கொடுத்தேன். அதையும் வாந்தி எடுத்தாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஈரக் காற்று நாளில் எங்கள் பக்கம் கம்பெனி வாடை தரையோடு படிந்து நிற்கும். அறைக்குள் நுழைந்தபோது அந்த வாடைதான் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகு ஜாஸ்தியானது. வெளியே வாசலுக்குப் போய் மோந்தேன். மண் வாசனைதான் இருந்தது, வேறு எதுவும் இல்லை. திரும்ப உள்ளே வந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் போகப் போக மூக்கின் உச்சியில் குளிர்ந்தது. குனிந்து அவள் வாய்க்கு நேரே மோந்தேன். அசிட்டோன். மூடி திறந்த பேரல் போல அவள் மூச்சு இருந்தது.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை. இத்தனை வருஷமாக என் சட்டையைத் துவைத்தவள், பேரல் கழுவின தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்குப் பக்கத்திலேயே சமைத்தவள். அந்த விஷம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் இன்றைக்கு வெளியே வருகிறது என்று நினைத்தேன். கடலூரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கம்பெனி விஷயம் என்றால் வாயைத் திறக்க மாட்டார்கள், சிதம்பரம்தான் சரி, மகளும் அங்கே இருக்கிறாள் என்று காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஓட்டியது நான். கண்ணாடி நாலையும் இறக்கிவிட்டேன். மழை உள்ளே அடித்தது. அவள் வழியெல்லாம் கேட்டது ஒரே கேள்வி.

"சூரன விழுத்துட்டாங்களா?"

"விழுத்துட்டாங்க, விழுத்துட்டாங்க, நீ பேசாத வா."

போனில் சொல்லியிருந்ததால் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி வாசலிலேயே மகள் நின்றாள். நான் உள்ளே போய்க் கத்தினேன்: "வெஷவாயு! கம்பெனி வெஷவாயு! எம் பொண்டாட்டி வாயில அசிட்டோன் வருது!" நர்சுகள் என்னைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார்கள். டியூட்டியில் இருந்த டாக்டர் சின்ன வயசு. மீட்டரில் பார்த்துவிட்டு அவரும் சுகர் நார்மல் என்றுதான் முதலில் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, எதுக்கு அசிட்டோன் அசிட்டோன்னு சொல்றீங்க?"

"மோந்து பாருங்க சார். நான் பேரல் யாவாரி. எனக்குத் தப்பாது."

அவர் குனிந்து மோந்தார். முகம் மாறியது. "சுகருக்கு என்னா மாத்திர சாப்புடுறாங்க?" என்றார். மகள் அம்மாவின் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். "சாப்பாடு?" என்றார். சஷ்டி என்றேன். ரத்தம் எடுத்தார்கள், தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள், கதவு மூடியது.

பிறகு அவர் வெளியே வந்து சொன்னதை என் மகள் எனக்குப் புரியும்படி திருப்பிச் சொன்னாள். விஷவாயுவும் இல்லை, பேரலும் இல்லை. சாப்பாடு இல்லாதபோது உடம்பு தன் கொழுப்பையே எரிக்கும். இந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது சிலருக்கு அது எல்லை மீறிப் போய் ரத்தமே ஆசிட் ஆகிவிடும். அந்த வாடைதான் மூச்சில் வருவது. மாத்திரை சர்க்கரையை மூத்திரத்தில் தள்ளிக்கொண்டே இருப்பதால் மீட்டரில் நார்மல் என்றே காட்டும். விரதம் இருப்பவர்கள் அதை முன்னாடியே நிறுத்தியிருக்க வேண்டும். சொல்ல வேண்டியவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

அவள் உயிர் தங்கியது. உடம்பில் தண்ணீர் வற்றிப்போனதில் சிறுநீரகம் தங்கவில்லை. டயாலிசிஸ் என்கிற வார்த்தையை நான் அப்போதுதான் முதல் தடவை கேட்டேன். இப்போது எங்கள் வீட்டில் அது வெள்ளி, செவ்வாய் மாதிரி ஒரு கிழமை.

வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவியைத் தினம் தினம் கொன்றது ஊர்ப் பேச்சுதான். பார்க்க வந்த ஒவ்வொருவரும், இந்த வயசில் விரதம் தேவையா என்றார்கள். என் தங்கை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் காதுபடவே சொன்னாள்:

"பேரப்புள்ள வரம் கேக்கறேன்னு போயி எமன்கிட்ட மனு குடுத்துட்டு வந்துருக்காங்க அண்ணி. என்னாத்தச் சொல்றது?"

என் மகள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். தன்னால்தான் அம்மாவுக்கு இப்படி ஆனது என்று அவள் உள்ளே வைத்திருந்தாள். அது எல்லாருக்கும் தெரியும். தங்கை போன பிறகு என் மனைவி என்னைக் கூப்பிட்டாள்.

"எனக்குக் காசு பணம் ஒண்ணும் வேணாம். எங்கிட்ட யாரும் சொல்லல, எம் வெரதத்து மேல தப்பு இல்லன்னு யாராவது எழுதிக் குடுக்கணும். எழுத்துல வேணும். எம் பொண்ணு அதப் படிக்கணும்."

அதற்காகத்தான் கேஸ். வக்கீல் ஒரு பெண், குமராட்சிப் பக்கத்திலிருந்து படித்து வந்தது. என் மகளோடு படித்த பிள்ளை. மஞ்சக்குப்பத்தில் மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். அந்தப் பெண் சொல்லித்தான் எனக்குச் சில விஷயம் தெரியும். மாத்திரை எழுதினால் அது என்ன செய்யும், எப்போது நிறுத்த வேண்டும் என்று நோயாளிக்கு அவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டும். வைத்தியம் பார்த்த காகிதங்களின் நகலைக் கேட்டால் மூன்று நாளைக்குள் கொடுக்க வேண்டும். குறை இருந்தால் இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கிளினிக்கில் நகல் கேட்டோம். அவள் பெயரில் அங்கே ஒரு தாளும் இல்லை. போகாத ஆளுக்கு எங்கிருந்து தாள் இருக்கும்?

"ஐயா, மாத்திர கெட்டதுன்னு நாம சொல்லல. எத்தினியோ பேருக்கு அது நல்லது பண்ணுது. பட்டினி கெடந்தா நிறுத்துங்கன்னு அம்மாகிட்ட சொல்லல. அதான் நம்ம கேஸ். அதுல மட்டும் நில்லுங்க."

"டாக்டரு என்னா சொல்றாரு?"

"புருஷன்கிட்ட சொன்னேன்னு எழுதியிருக்காரு."

"பொய்யி! அப்பட்டமான பொய்யி! ஊரக் கேளும்மா, நான் பொய் சொல்ற ஆளான்னு."

"ஊரக் கேட்டா நமக்குத்தான் ஆபத்து. உங்க மருந்துக்கடக்காரு சாட்சி குடுத்துருக்காரு. இந்த ஓனருக்குத் தெரியாத சுகர் மாத்திரயே கெடையாது, டாக்டரே அவரக் கேட்டுத்தான் எழுதுவாருன்னு டீக்கடையில நீங்களே சொன்னீங்களாம். உண்மையா?"

மகள் என்னையே பார்த்தாள்.

"ஏம்பா, சொன்னியா?"

"பேச்சுக்குச் சொல்றதுதான். எவன் சொல்லல?"

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தது. நான் எல்லாம் தெரிந்தவன் என்று ஆணையம் நம்பினால், எனக்குச் சொன்னதாக அவர்கள் சொல்வதையும் நம்பும். பக்கத்து ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு அத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு போனதும் என் தலையில்தான் விழும். எல்லாம் தெரிந்த புருஷன் மாத்திரையைக் கொடுத்தான், தெரிந்தே பெண்டாட்டி விரதம் இருந்தாள் என்று ஆகிவிடும். அவள் கேட்ட எழுத்து கிடைக்காது. தெரியாது என்று நான் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தால் ஒரு வழி இருக்கிறது என்றது.

"அந்த மோந்து பாத்ததையாவது எழுதும்மா. அசிட்டோன நாந்தான் கண்டுபுடிச்சன். அந்த டாக்டரே நான் சொல்லித்தான் குனிஞ்சாரு."

"எழுதுனா என்னா கேப்பாங்க தெரியுமா? மூச்சுல கெமிக்கல் கண்டுபுடிக்கிற ஆளுக்கு மாத்திரயப் பத்தித் தெரியாதான்னு கேப்பாங்க. வேணாம் ஐயா. விட்டுருங்க."

விட்டேன். இந்தக் கையால்தான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு எழுத்தறிவு குறைவு. மருந்து விஷயம் எதுவும் எனக்குத் தெரியாது. தெரியும் என்று நான் வெளியில் பேசியதெல்லாம் வெட்டிப் பெருமை. மகள் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். புயல் என் கூரையைக் கொண்டுபோனபோதுகூட நான் அப்படி உட்கார்ந்திருந்ததில்லை. என் மனைவி கீழே காரில் இருந்தாள். மகள் போய் விஷயத்தைச் சொன்னதும் அவள், பின்னால் இறங்கி வந்த என்னைக் கார் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னாள்:

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இன்னிக்குத்தாங்க உள்ளத உள்ளபடி எழுதிக் குடுத்துருக்கீங்க."

மகள் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அதனால் நான் பதில் சொல்லவில்லை.

வாய்தா மேல் வாய்தா போட்டார்கள். எப்படியோ தீர்ப்பு வந்தது. எங்கள் பக்கம் வந்தது. என் மகள் கூடத்தில் உட்கார்ந்து படித்தாள். விரதம் இருப்பது இந்த ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம், இங்கே வைத்தியம் பார்க்கிறவர் அதைக் கேட்டுத்தான் மாத்திரை எழுதியிருக்க வேண்டும். கணவரிடம் சொன்னதாகவே வைத்துக்கொண்டாலும் அது நோயாளியிடம் சொன்னதாக ஆகாது. பார்க்காத நோயாளிக்கு மாத்திரை எழுதியது குறைபாடு. விரதம் இருந்ததை நோயாளியின் தவறு என்று சொல்ல முடியாது. அந்தக் கடைசி வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னாள் என் மனைவி. மகள் பாதியில் நிறுத்தி அம்மா மடியில் தலையை வைத்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் அவர்களுக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

பிறகு அந்தத் தாள்களை மகளிடம் கொடுத்து, என்னைப் பற்றி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். தேடிப் பார்த்து ஒரு இடத்தைக் காட்டினாள். கணவர் எழுத்தறிவு குறைந்தவர், பெருமைக்காகப் பேசும் வழக்கம் உள்ளவர் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான். என் தங்கை வீட்டுக்காரர் அதை நகல் எடுத்து வைத்திருப்பதாகக் கேள்வி.

கிளினிக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. போர்டு இருந்த இடம் மட்டும் சுவரில் வெளுப்பாக இருக்கிறது. அந்த மாடிக்கு ஆள் வரவில்லை. நானும் அந்தப் பின்படியில் ஏறுவதில்லை. மகளுக்கு இன்னும் குழந்தை இல்லை. போன சஷ்டிக்குக் கொடியேற்றின அன்று என் மனைவி காலண்டரைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். அவளுக்கு இனி விரதம் கிடையாது. ஆனால் டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர்கூட அளவுதான் என்பதால், எல்லா நாளும் விரதம் மாதிரிதான். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பாதியில் நிறுத்தி, மீதியை என் பக்கம் நகர்த்துவாள்.

சிதம்பரத்துக்கு அவளை நான்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன். டாக்டர் அறை வாசலில் அவள் திரும்பிப் பார்த்து, "நீங்க இங்கியே இருங்க" என்பாள். அவளே உள்ளே போகிறாள். இது எதுக்கு, அது எதுக்கு, சாப்பிடாட்டி என்ன ஆகும் என்று ஒவ்வொரு மாத்திரையாக அவள் கேட்பது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்கும். நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், ஊர் ஜனத்தோடு.

இருக்கட்டும். அவள் கேட்ட எழுத்து அவளுக்குக் கிடைத்தது, அது சரி. அதற்காக நான் என் பெயரை இறக்கிக்கொண்டேன், அதுவும் சரி. ஆனால் இப்போது கேஸ் முடிந்தது. இனி யாரும் என்னைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். மீட்டர் நார்மல் என்றது. மாடியில் இருந்த படித்தவர் அல்சர் என்றார். நான் ஒருத்தன் குனிந்து மோந்தேன். காரணம் தப்பு, வாடை தப்பில்லை. அந்த வாடையைச் சொல்லிக் கத்தியதால்தான் அந்தப் பிள்ளை டாக்டர் குனிந்தார், அவர் குனிந்ததால்தான் தீர்ப்பைக் காதால் கேட்க அவள் உயிரோடு இருந்தாள். குழாய்க் கல்வெட்டில் என் பெயர் இல்லாததை நான் விட்டுவிட்டேன். இதை விட மாட்டேன். என் மகள் இதைப் படிப்பாள். அம்மாவைப் பற்றி அவள் யாரிடம் சொன்னாலும், எங்கே எழுதினாலும், ஒரு வரி சேர்க்க வேண்டும்: முதலில் மோந்து பார்த்தது அப்பா.